மார்சுலாஸ் குகையின் சங்கு

பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், பிரனீஸ் மலையடிவாரத்திலுள்ள மார்சுலாஸ் என்னும் குகையிலிருந்து 1931ஆம் ஆண்டில் கிடைத்த பெரிய கடற்சங்கு ஒன்றை, ஆதிமனிதர் நீர் பருகிய பாத்திரம் என்றே அறிஞர்கள் கருதி, தூலூஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 90 ஆண்டுகள் வாளா வைத்திருந்தனர். அது வாத்தியம் என்பது 2021ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது.

சங்கின் உடலிலேயே மிகக் கடினமான பாகம் அதன் நுனி. தற்செயலாக அது உடைவது அரிது. இச்சங்கிலோ அந்நுனி கருத்தோடு நீக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சுருண்டு செல்லும் அறையின் சுவரிலும், ஊதுவதற்குரிய குழலொன்றைச் செருகத் தோதாக, வட்டத் துவாரம் இடப்பட்டிருக்கிறது. கல்லாயுதங்களைக் கொண்டு அதைச் செய்து முடிக்க எத்துணைப் பொறுமை வேண்டியிருந்திருக்கும்! வாயின் உட்புறத்தில், விரல்நுனியால் ஒற்றியெடுத்த செங்காவிப் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன; அதே குகையின் சுவரில் காட்டெருமை ஒன்றின் உருவத்தை நிரப்பி நிற்பனவும் அத்தகைய புள்ளிகளே. ஓவியம் தீட்டிய கைகளும் சங்கைச் செப்பனிட்ட கைகளும் ஒரே கூட்டத்தாருடையவை என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

ஆய்வாளரின் வேண்டுகோளுக்கிணங்கி, கொம்பு வாசிப்பதில் தேர்ந்த கலைஞர் ஒருவர், அதை ஏந்தி ஊதியபோது, சுமார் 18,000 ஆண்டுகள் மௌனத்தில் ஆழ்ந்திருந்த அச்சங்கினின்று, ஒன்றையொன்று நெருங்கிய மூன்று சுரங்கள், கணீரென்று எழுந்தன.