மூளைக் கட்டிக்குத் தரம் குறிப்பது எது?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள் பல இயங்குகின்றன. உலையில் உருகும் இரும்பைப் பார்வையால் மட்டும் தரம் பிரிப்பதில்லை. சிறிது மாதிரி எடுத்து, அதில் கரிமம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று கருவியில் சோதிக்கிறார்கள். தோற்றத்தில் வேறுபாடில்லாத இரு கம்பிகளில் ஒன்று வளையும், மற்றொன்று முறியும். அந்த உலையருகே நிற்கும் தொழிலாளியின் மூளையில் கட்டி கண்டறியப்பட்டால், அதற்கும் இதே அளவு கவனம் கிடைக்க வேண்டாமா?

நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும் மூளைக் கட்டியின் தரப்பிரிப்பில் அண்மையில் நேர்ந்துள்ள மாற்றம், பொதுப் பணத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

மூளைக் கட்டிகளை முறையாக வகைப்படுத்தும் முயற்சியை 1926-இல் பெய்லி, குஷிங் ஆகியோர் தொடங்கினர். 1949-இல் கெர்னோஹன் நான்கு தரங்களை வகுத்தார். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துள்ளனவா, திசு அழுகியுள்ளதா என்பவற்றை நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் எழுதுவதே பல பத்தாண்டுகளாக நடைமுறை. 2008-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஐடிஎச்-1 என்னும் மரபணுவில் பிறழ்வைக் கண்டனர். பிறழ்ந்த அந்த நொதி உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள், செல் முதிர்ச்சியடையத் தேவையான மரபணுக்களை முடக்கிவிடுகிறது. வியப்பு என்னவெனில், இந்தப் பிறழ்வு உள்ளவர்களே இல்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மூலக்கூறு அடையாளங்களை வகைப்பாட்டில் சேர்த்தது; 2021-இல் தரத்தையே அவை தீர்மானிக்கலாம் என்றது.

நுண்ணோக்கியில் இரண்டு கட்டிகளும் இரண்டாம் தரமாகத் தோன்றுவதாகக் கொள்வோம். ஒன்றில் ஐடிஎச் பிறழ்வும், 1-ஆவது குரோமோசோமின் குறுங்கரமும் 19-ஆவதன் நெடுங்கரமும் சேர்ந்து இழக்கப்பட்டிருப்பதும் தெரிந்தால், அது ஒலிகோடென்ட்ரோகிளையோமா. சிகிச்சைக்கு நன்கு இணங்கும். மற்றொன்றில் ஐடிஎச் பிறழ்வு இல்லை. மாறாக டெர்ட் மரபணுவின் தூண்டுபகுதியில் மாற்றமோ, ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் பெருக்கமோ, 7-ஆவது குரோமோசோம் கூடி 10-ஆவது குறைந்திருப்பதோ தெரிகிறது. பெரியவர்களுக்கு வரும் கட்டியில் இவற்றுள் ஒன்றிருந்தாலும் அது கிளையோபிளாஸ்டோமா, நான்காம் தரம்.

இதன் பொருளை இரண்டு எண்கள் சொல்லும். கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு தந்த சோதனையில் (2005) இடைநிலை ஆயுள் 14.6 மாதங்கள். குரோமோசோம் இழப்புள்ள மூன்றாம் தரக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சோடு மருந்துகளும் தந்த சோதனையில் (2013 அறிக்கை) அது 14.7 ஆண்டுகள். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். இரண்டும் வெவ்வேறு சோதனைகள், நேரடியாக ஒப்பிடலாகாது. ஆனாலும் எண் ஏறத்தாழ ஒன்று. ஒன்று மாதக் கணக்கு, மற்றது ஆண்டுக் கணக்கு. குழந்தைகளின் படிப்பு, வீட்டுக் கடன், வேலையை விடுவதா தொடர்வதா என எல்லாமே இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை.

சிப்காட் ஆலைகளின் புகையால்தான் இந்நோய் வருகிறது என்று திருவள்ளூர் மாவட்டத்தில் பலர் கருதுகின்றனர். உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள் அயனியாக்கும் கதிர்வீச்சும் சில அரிய பரம்பரைக் கோளாறுகளும்தாம். அதற்காகப் புகைக்கு நற்சான்று தரவேண்டியதில்லை. அதன் மீதான வழக்கு தனி.

எல்லாச் சோதனைகளும் விலையுயர்ந்தவை அல்ல. ஐடிஎச் பிறழ்வுகளில் பத்தில் ஒன்பதை ஒரே சாயப் பரிசோதனை காட்டிவிடும். 55 வயதைக் கடந்தவரின் கட்டி நுண்ணோக்கியிலேயே கிளையோபிளாஸ்டோமாவின் முழு அடையாளங்களையும் காட்டி, அச்சாயப் பரிசோதனையிலும் பிறழ்வு தெரியாவிட்டால், மேற்கொண்டு மரபணு வரிசையறிதல் பொதுவாகத் தேவையில்லை. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இஎஸ்ஐ உண்டு. அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பெருந்தொகை செலவிடும் அரசு, எதற்குச் செலவிடுகிறோம் என்று சொல்லும் சோதனையைத் தனிச் செலவாகக் கருதலாகாது. அறுவை சிகிச்சையின் பகுதியாகவே அதைக் கட்டணத்தில் அடக்க வேண்டும். 2024-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த வோராசிடெனிப் மாத்திரை ஐடிஎச் பிறழ்வுள்ள இரண்டாம் தரக் கட்டிக்கானது. நாளை அது இங்கு மலிவாகக் கிடைத்தாலும், சோதிக்கப்படாதவருக்கு அதனால் பயனில்லை.

மூலக்கூறு சோதனை செய்ய இயலாதபோது, நோயியல் அறிக்கையில் 'வேறு விவரம் குறிப்பிடப்படவில்லை' என்று எழுத வழிசெய்துள்ளது உலக சுகாதார நிறுவனம். அறிக்கையில் இந்தச் சொற்கள் இருந்தால் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். அகற்றிய திசு, 'பிளாக்' எனப்படும் மெழுகு அச்சில் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதைக் கேட்டுப் பெற்று வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்காக மண்டையை மறுபடி திறக்க வேண்டியதில்லை.