உவர் நிலத்தில் நெல் நாற்று

காவேரிப் பாசனத்தின் கடைமடையாகிய நாகப்பட்டினம், தலைஞாயிறு, வேதாரணியம் முதலிய பகுதிகளில், செழிப்பாக முளைத்தெழுந்த நெற்பயிர் இரண்டு மூன்று வாரங்களுக்குள் இலை நுனி வெளுத்துச் சுருண்டு, திட்டுத் திட்டாக மாய்ந்துபோவது குடியானவர்கள் நன்கறிந்த கேடாகும். விதை பழுது என்றும், பூச்சி விழுந்தது என்றும், உரம் போதவில்லை என்றும் இதற்குப் பலவாறு காரணம் கூறப்படுவதுண்டு. கடலை அடுத்த நிலங்களில் பெரும்பாலும் உப்பே இதற்குக் காரணமாயிருக்கிறது. நிலத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் போலவே, அவ்வுப்பைப் பயிர் தன் எந்த வயதில் சந்திக்கிறது என்பதும் முக்கியமாகும். நிலத்திலுள்ள உப்பு முழுவதையும் நீக்குதல் ஒருவர் கையில் இல்லை. பயிர் எந்த வயதில் அந்நிலத்திற்குள் வருவது என்பதோ சாகுபடி செய்வோர் கையிலேயே இருக்கிறது.

இரண்டு இளம் பருவங்கள்

நெல் தன் வாழ்நாள் முழுவதும் உப்புக்கு ஒரே விதமாக அஞ்சுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். இதுவே பலரை ஏமாற்றுவது. உவர் நிலத்தில் விதைத்த நெல் நன்றாக முளைத்ததைக் கண்டு, நிலம் தேறிவிட்டது என்று எண்ணுகிறார்கள். முளைத்த பின் இரண்டு மூன்று இலை விடும் பருவமே மிகவும் இளகிய பருவம். அப்பொழுதுதான் பயிர் மாய்கிறது. பிறகு தூர் கட்டும் காலத்தில் தாங்கும் வன்மை மிகுந்து, பூக்கும் சமயத்தில் மீண்டும் குறைகிறது. பூக்கும்போது உப்பு மிகுந்தால் மகரந்தம் பழுதாகிப் பதர் மிகும்.

உப்பின் அளவை மண்ணின் மின்கடத்தும் திறனைக்கொண்டு அறிவது வழக்கம். நெல்லுக்கு ஏறக்குறைய 3 அலகு வரையில் விளைச்சலில் குறைவு தோன்றுவதில்லை. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் நூற்றுக்கு 12 பங்கு வீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 7 அலகுள்ள நிலத்தில் ஏறக்குறையப் பாதி விளைச்சலே கிட்டும். கடல்நீரின் திறனோ 50 அலகை ஒட்டியது. ஆதலால் சிறிதளவு கடல்நீர் கலந்த வாய்க்கால் தண்ணீரும் இளம் நாற்றுக்கு நஞ்சாகும்.

உப்பு நாற்றைக் கெடுக்கும் விதம்

உப்பு இருவகையால் தீங்கு செய்கிறது. முதலாவது, மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் அந்நீரை உறிஞ்ச இயலாது. வயலில் தண்ணீர் நிற்கும்போதே நாற்று தாகத்தால் வாடும். இரண்டாவது, நீரோடு உள்ளே புகும் சோடியம் இலைகளில் சேர்ந்து, பயிருக்கு வேண்டிய பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்தின் வேலைக்கு இடையூறு செய்கிறது.

நெற்பயிர் உள்ளே வந்த சோடியத்தை முதலில் தன் முதிர்ந்த இலைகளிலேயே சேர்த்து வைத்து, குருத்தைக் காக்க முயலும். கீழிலைகள் முன்னதாகக் கருகுவதன் காரணம் இதுவே. ஐந்தாறு இலை கொண்ட நாற்றுக்குச் சேர்த்து வைக்க இடம் உண்டு. இரண்டே இலை கொண்ட நாற்றுக்கு அவ்விடம் இன்மையால் சோடியம் விரைவில் குருத்தை எட்டிவிடுகிறது. முதிர்ந்த நாற்று பிழைப்பதும் இளநாற்று மாய்வதும் இந்த ஒரு காரணத்தினாலேயே பெரிதும் விளங்கும்.

உவரா, களரா?

எப்பரிகாரமும் செய்யுமுன் நிலம் உவரா, களரா என்று தெளிதல் அவசியம். உவர் நிலத்தில் கோடையில் வெண்மையான உப்பு பூக்கும். தேங்கிய தண்ணீர் பெரும்பாலும் தெளிந்திருக்கும். களர் நிலத்தில் தண்ணீர் கலங்கியே நிற்கும். மண் ஈரத்தில் குழைந்து, காய்ந்தால் இறுகும். மின்கடத்தும் திறன் 4 அலகுக்கு மேலும், கார அமில நிலை 8.5க்குக் கீழும் இருப்பின் உவர் எனவும், கார அமில நிலை 8.5க்கு மேலிருப்பின் களர் எனவும் பொதுவாகக் கொள்ளலாம். ஜிப்சம் இடுவது களருக்கு மருந்து. வெறும் உவருக்கு அதனால் பயனில்லை. அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலுமே மருந்து. மண் பரிசோதனை செய்யாமல் ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

நிலத்தைக் கழுவுதல்

ஓர் அடி ஆழமுள்ள மண்ணின் வழியே ஓரடி உயரத் தண்ணீர் கீழிறங்கிச் சென்றால், அம்மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். அரை அடித் தண்ணீரினால் பாதியளவு நீங்கும். ஓர் ஏக்கருக்கு ஓரடித் தண்ணீர் என்பது 12 லட்சம் லிட்டருக்கு மேற்பட்டது. இத்தண்ணீரை இறைத்துத் தருவது கடினம். வடகிழக்குப் பருவமழையே இதனைத் தரவல்லது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாகப்பட்டினத்து வயல்களில் உப்பு படிந்தபோது, 2005ஆம் ஆண்டின் மிகுந்த மழை அவ்வுப்பின் பெரும்பகுதியைக் கழுவியது. வடிகால் உள்ள நிலங்கள் விரைவில் தேறின, இல்லாதவை பின்தங்கின.

ஆகையால் முதல் மழைத் தண்ணீரை வரப்பு உயர்த்தித் தேக்கி, உழுது கலக்கி, இரண்டொரு நாள் நிற்கவிட்டு வடித்தல் வேண்டும். இயன்றவரை இதனை இரண்டு மூன்று முறை செய்த பின்னரே நடவு செய்தல் நலம். அடியுரமாகத் தழைச்சத்து இடுவதைக் கழுவி முடிக்கும்வரை நிறுத்தி வைக்கவேண்டும். இல்லையேல் உப்போடு உரமும் வடிந்துபோகும். தண்ணீரை வடித்தபின் நிலத்தைக் காயவிடுதல் பெருந்தவறு. வெயிலில் ஈரம் மேலெழுந்து ஆவியாகும்போது அடியிலுள்ள உப்பு மேலேறி வேர்ப்பகுதியிலேயே படியும்.

நாற்றங்காலும் நாற்றின் வயதும்

நாற்றங்காலை உவர் வயலிலேயே அமைத்தல் கூடாது. கிராமத்தில் எங்கே நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உண்டோ அங்கே, பிறர் நிலமாயினும் குத்தகைக்குப் பெற்று, நாற்று விடவேண்டும். சாதாரணமாக ஓர் ஏக்கர் நடவுக்கு 8 செண்டு நாற்றங்கால் போதும். உவர் நிலத்திற்குக் குத்து ஒன்றுக்கு நாற்று அதிகம் வேண்டியிருப்பதாலும், நெருக்கி விதைத்த நாற்று மெலிந்துபோவதாலும், 12 முதல் 16 செண்டு வரையில் ஒதுக்குதல் தகும்.

நெல்லின் வயது எத்தனை மாதமோ அத்தனை வாரம் நாற்றின் வயது என்பது பழைய வழக்கு. உவர் நிலத்திற்கு அதனுடன் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். நான்கரை மாதத்துச் சம்பா ரகத்திற்கு ஏறக்குறைய 38 நாள் நாற்று உகந்தது. குறுகிய கால ரகங்களை அளவுக்கு மீறி நாற்றங்காலில் வைத்தால் தூர் குறையுமாதலால், உவர் நிலத்திற்கு அவற்றைத் தவிர்த்தலே நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, அகல இடைவெளியில் நட்டு, நிலத்தைக் காயவிட்டுப் பாய்ச்சுகிறார்கள். நல்ல நிலத்தில் அம்முறை சிறந்ததே. உவர் நிலத்திலோ இளநாற்று, ஒற்றை நாற்று, காய்ச்சல் ஆகிய மூன்றும் உப்புக்கு இடங்கொடுப்பவை. டெல்டாவில் கூலியாள் குறைவாலும் தண்ணீர் தாமதத்தாலும் பரவியுள்ள நேரடி விதைப்பும் அத்தகையதே. இளகிய பருவம் முழுவதையும் உவர் வயலிலேயே பயிர் கழிக்க நேரிடுகிறது. ஆள் கூலி மிச்சம் என்று கருதி விதைத்து, பயிர் மாய்ந்தபின் மறுபடி விதைப்பவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

நடவும் பின்பு கவனிக்க வேண்டியவையும்

நாற்றைப் பறிக்கும்போது வேர் அறுபடாமல் பார்த்தல் முக்கியம். அறுபட்ட வேரின் வழியே உப்பு தடையின்றிப் புகும். வெயிலும் காற்றும் மிகுந்த நண்பகலில் இலைகள் நீரை வேகமாக இழுப்பதால் உப்பும் உடன் ஏறும். ஆதலால் மப்பான நாளில், அல்லது மாலை வேளையில் நடுவது சிறந்தது. குத்து ஒன்றுக்கு நான்கு ஐந்து நாற்றாகவும், வழக்கத்தைவிடச் சற்று நெருக்கமாகவும் நடவேண்டும். சில நாற்று மாய்ந்தாலும் குத்து வெறுமையாகாது. நாற்றில் ஒரு பகுதியை வயலோரத்தில் நிறுத்தி வைத்தால், பத்து நாள் கழித்து வழி விழுந்த இடங்களில் அதே வயதுள்ள நாற்றை நடலாம். புதிதாக விட்ட இளநாற்றை அங்கே நடுதல் பயனற்றது.

உவர் நிலத்தில் துத்தநாகக் குறைவு உண்டாதல் இயல்பு. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவவேண்டும். தழைச்சத்தைக் கால் பங்கு கூட்டி, பல தவணையாகப் பிரித்து இடலாம். பயிர் வெளுக்கிறதென்று யூரியாவை ஒரே முறையில் மிகுதியாகப் போடுவதால் உப்பின் தீங்கு நீங்காது. வயலில் எப்போதும் இரண்டு அங்குல நல்ல தண்ணீர் நிற்கவேண்டும். உவர்ப்பு ஏறினால் வடித்து மாற்றவேண்டும். மழை ஓயும் காலத்தில் சம்பா பூக்குமாதலால், கதிர் வெளிவந்து பால் பிடிக்கும்வரை தண்ணீர் குறையாதபடி காத்தல் வேண்டும்.

ரகங்கள்

கடைமடையில் நெடுங்காலமாக வழங்கிவரும் குழியடிச்சான் உவரைத் தாங்கும் நெல்லாகும். கேரளத்துக் கடலோரத்துப் பொக்காளி இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அதனிடமிருந்து பெற்ற உப்புத் தாங்கும் பண்பைப் புதிய ரகங்களில் சேர்த்து வருகிறார்கள். கோ 43 இரு நிலங்களுக்கும் ஓரளவு ஏற்றது. திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை களர் நிலத்திற்கெனத் தோன்றியவை. ஆயினும் எந்த ரகமும் இரண்டிலைப் பருவத்தில் மிகுந்த உப்பை வெல்லாது. ரகத்தை நம்பிக் கழுவுதலையும் நாற்றின் வயதையும் கைவிடலாகாது.

கிராமத்தார் கூடிச் செய்ய வேண்டியவை

ஒருவர் வடிக்கும் உவர்நீர் அடுத்தவர் வயலுக்குப் பாய்ந்தால் கிராமத்திற்கு நன்மையில்லை. ஆதலால் நடவுக்கு முன் வடிகால்களைத் தூர்வாரி, வடிக்கும் நாட்களை மேல்மடை முதல் கீழ்மடை வரை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். கடல்நீர் ஏறும் காலத்தில் கடைமடை மதகுகளின் பலகைகள் சரியாக அடைபடுகின்றனவா என்று கிராம அலுவலர்கள் கவனித்து, பழுதை மழைக்கு முன்பே உரிய துறைக்குத் தெரிவித்தல் கடமை. ஆண்டுதோறும் உப்பினால் பயிர் மாயும் புல எண்களைக் குறித்து வைத்தால், கோடையில் அந்நிலங்களிலிருந்தே முதலில் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

நாற்றங்காலில் ஒரு வாரம் கூடுதலாக நிற்பதால் உண்டாகும் செலவு சிறிது. மாய்ந்த வயலை மறுபடி உழுது, விதை தேடி, பருவம் தவறி நடுவதால் ஏற்படும் நஷ்டமோ அவ்வாண்டின் சம்பா முழுவதுமாகும். உவர் நிலமுடையோர் இவ்விரண்டையும் எடைபோட்டு, வரும் பருவத்திற்கான நாற்றங்கால் இடத்தை இப்பொழுதே தேர்ந்துகொள்வார்களாக.