மருந்து ஏற்றிய பலகையில் பசை ஏன் பிடிப்பதில்லை?

மாமரம், ரப்பர் மரப் பலகைகளைப் பூச்சி துளைக்காமலிருக்க வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊற வைக்கிறோம். நல்ல காரியம்தான். மழை படும் இடத்துக்கு மட்டும் ஆகாது, மருந்து கரைந்து போய்விடும். அப்படிப்பட்ட பலகையில் தூள் பசை போட்டு அலமாரி செய்த ஒரு அன்பர், "பசை மோசங்க, இணைப்பு வாய் பிளந்துடுச்சு" என்று வந்தார். பசை மேல் குற்றமில்லை.

அந்தப் பசை, நாம் வயலுக்குப் போடுகிற அதே யூரியாவிலிருந்து செய்யும் பிசின். அது இறுகப் புளிப்பு, அதாவது அமிலம் வேண்டும். அதற்காகவே நவச்சாரம் போன்ற உப்பைச் சேர்க்கிறார்கள். பாலில் சோடா உப்பு விழுந்தால் தயிர் சரியாக உறையாதல்லவா? அதே கதைதான். மரத்திலுள்ள வெண்காரம் அமிலத்தை முறித்துவிடும். பசை அரைகுறையாக நிற்கும். ஒட்டுப்பலகை ஆலைகளில் போடும் ஃபீனால் பிசினுக்கோ நேர்மாறு. இந்த மருந்து பட்டதும், மரத்துக்குள் இறங்குமுன்பே கெட்டியாகிவிடும். அதுவும் ஒட்டாது.

ஆகவே அறுப்பது, இழைப்பது, துளையடிப்பது எல்லாம் முதலில் முடியட்டும். பிறகு மருந்தில் ஊறப்போட்டு, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஆசாரியை அவசரப்படுத்தாதீர்கள். ஒட்டும் முகத்தில் வெள்ளையாய்ப் பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். முதலில் இரண்டு துண்டுகளை ஒட்டி, இறுக்கிக் கட்டி, மறுநாள் உளியால் பிளந்து பாருங்கள். மரநார் கிழிந்தால் பசை பிடித்திருக்கிறது. பசை வழவழவென்று உரிந்தால் அந்தப் பலகையை இன்னொருமுறை துடைத்து உலர்த்த வேண்டும்.