விதைக்குக் கதிர் பார்த்தல்

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் கடையில்தான் வாங்கவேண்டும். விளைந்ததையே எடுத்து விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. மேலே கல்வராயன் மலையில் சாமைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாமை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். சோயா மொச்சையும் அப்படித்தான். தாய்ச்செடியின் குணம் பெரிதும் மாறாமல் விதையில் இறங்கும். அதனால் அறுப்புக்கு முன் எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குகிறோம் என்பது பெரிய முடிவு.

ஆனால் கண் எளிதில் ஏமாறும். வரப்போரச் செடிக்கு வெயிலும் இடமும் கூடுதல். ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் எந்தச் செடியும் கொழுக்கும். அந்தச் செழிப்பு மண் தந்தது, விதைக்குள் போகாது. டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் 1903இல் இதை பீன்ஸ் விதைகளைக் கொண்டு காட்டினார். ஒரே தாய்ச்செடியின் வழிவந்த விதைகளில் கனமானதை விதைத்தாலும் இலேசானதை விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் கண்ணை எதற்கு நம்பலாம்? பூக்கும் நாள், உயரம், தண்டு சாய்வது, மணி உதிர்வது போன்றவற்றில் மரபின் பங்கு அதிகம், பார்த்தே கழிக்கலாம். விளைச்சலில் அந்தப் பங்கு குறைவு. சோயா ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: மோசமான செடியைக் கண் சரியாகத் தள்ளிவிடும், நல்லவற்றுக்குள் மிகச் சிறந்ததைப் பிடிக்கத் தடுமாறும். சாமையில் இன்னும் கடினம். ஆயிரம் மணி சேர்ந்தாலும் இரண்டு, இரண்டரை கிராம்தான். கதிரைக் கையில் தூக்கிப் பார்த்து எடை கணிப்பது வீண்.

மலைச்சரிவுக்கு ஏற்ற வழி ஒன்று அமெரிக்க மக்காச்சோள வயலிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள ஆய்வாளர் கார்ட்னர் 1961இல் வயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் செடிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். மேட்டுச் செடி பள்ளத்துச் செடியோடு போட்டியிட வேண்டியதில்லை. சரிவின் மேல்பகுதியில் மண் மெலிந்தும் அடிவாரத்தில் வண்டல் தேங்கியும் கிடக்கும் கொல்லைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. கயிறு கட்டி, ஓரத்துச் செடிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து கதிர் எடுத்தால் போதும்.

எடுத்த கதிர்களை ஒன்றாகக் கொட்டிவிடக் கூடாது. அடுத்த பருவத்தில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியே விதைக்கவேண்டும். தாய் தன் மரபால் நல்லதா, இடத்தால் நல்லதா என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும். திருவண்ணாமலை அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து 2019இல் வந்த ஏ.டி.எல். 1 சாமை ரகத்தையும் பக்கத்தில் ஒரு வரிசை விதைத்துக்கொண்டால், ஊர்ச்சாமை எதில் முந்துகிறது, எதில் பிந்துகிறது என்று அதே மண்ணில் அளந்து பார்க்கலாம்.