வெளித்தொட்டி பொருத்திய பிரிண்டரில் மை தடைபடுவது ஏன்?

இங்க்ஜெட் பிரிண்டரின் சிறு கார்ட்ரிட்ஜ்களுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் மைத்தொட்டிகளை வைத்து, மெல்லிய சிலிகான் டியூப்கள் வழியாக அச்சுத்தலைக்கு மையைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு, ஜெராக்ஸ் கடைகளிலும் போட்டோ ஸ்டூடியோக்களிலும் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. வெளியார் செய்துவந்த இந்த மாற்றத்தை எப்சன் நிறுவனமே தன் வடிவமைப்பில் ஏற்று, தொட்டியுடன் கூடிய பிரிண்டரை 2010-இல் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலையிலேயே அமைந்துவரும் இயந்திரத்தில் தொட்டியின் உயரமும் டியூபின் பாதையும் காற்றுத்துளையின் இடமும் பொறியாளர்களால் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருக்க, கையால் மாற்றியமைத்த இயந்திரத்திலோ அவையனைத்தும் பொருத்துபவரின் பொறுப்பாகிவிடுகின்றன. ஆகவே, இவ்வகைப் பிரிண்டரில் மை வராமல் நின்றால் அடைப்பு என்று முடிவுகட்டி ஹெட் கிளீனிங்கை மீண்டும் மீண்டும் இயக்குவது பெரும்பாலும் தவறான வைத்தியமாகும். ஏனெனில் கோளாறு அழுக்கில் இல்லாமல் அழுத்தத்தில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மைத்துளி காகிதத்தில் விழுவதற்குத் தொட்டியின் அழுத்தம் காரணமன்று. 1977-இல் கேனன் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒரு சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டு மை தெறித்ததிலிருந்து கிளைத்த வெப்பமுறையில், ஒவ்வொரு நுண்துளையின் அருகிலும் உள்ள சிறு மின்தடை சில மைக்ரோவினாடிகளில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, மையில் ஓர் ஆவிக்குமிழியை எழுப்ப, அதன் விரிவு ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன் கையாளும் பீசோ முறையில், மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீங்கான் தகடு மை அறையை நெருக்கித் துளியை வெளியேற்றுகிறது. துளியின் அளவு சில பிகோலிட்டர். அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அவற்றில் சில பங்குகள். துளி போன இடத்தை நிரப்பப் புதிய மை நுண்புழை விசையால் தானாகவே ஊறி வருகிறது.

இரு துளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் துளையின் வாயில் மை சற்றே உட்குழிந்த பரப்பாக நிற்கிறது. துளையின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர், மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்று கொண்டால், அந்த மெல்லிய பரப்பு சுமார் 6,000 பாஸ்கல் அழுத்தத்தை, அதாவது 60 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் எடையை, கணக்கின்படி தாங்க வல்லது. கண்ணுக்கே தெரியாத ஒரு மைப்பரப்புக்கு இத்தனை வலிமை இருப்பது வியப்புக்குரியது. நடைமுறையிலோ அச்சுத்தலை வேகமாக ஓடி ஒவ்வொரு முனையிலும் திடீரெனத் திரும்புவதால் டியூபிலுள்ள மை குலுங்கி அழுத்த அலைகளை உண்டாக்குகிறது. துளைகள் அமைந்த தகட்டின் முகம் மையால் நனைந்துவிட்டால் பரப்பின் பிடியும் மிக எளிதில் தளர்ந்துவிடுகிறது. அதனால் அச்சுத்தலையினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சிறிதளவு குறைவாகவே இருக்கவேண்டும். கார்ட்ரிட்ஜில் இவ்வேலையை உள்ளே திணித்த பஞ்சு செய்தது. வெளித்தொட்டியில் அதைச் செய்வது உயரம் ஒன்றே. மையின் மட்டம் அச்சுத்தலைக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கும்வரை சமநிலை காக்கப்படுகிறது. தொட்டியைப் பிரிண்டரின் மேல்மூடியில் தூக்கி வைத்தாலோ மை தானே கசிந்து, ஒரு நிறம் மற்றொன்றில் கலந்து, மஞ்சள் கோடு பச்சையாக அச்சாகிறது. மிகவும் தாழ்த்தி வைத்தால் வேகமான அச்சின்போது மை வந்துசேராமல் நிறம் மங்குகிறது.

தொட்டியில் மை குறையக்குறைய மட்டமும் இறங்காதா என்னும் ஐயம் எழலாம். அதற்காகவே நல்ல தொட்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் பெரிய அறை ஒன்றும், அடிப்பகுதியில் அதனோடு இணைந்த சிறிய அறை ஒன்றும் அமைக்கப்படுகின்றன. பெரிய அறையின் வாய் ரப்பர் மூடியால் இறுக அடைக்கப்பட்டிருக்க, சிறிய அறை மட்டும் வடிகட்டி பொருத்திய துளை வழியாக வெளிக்காற்றோடு தொடர்புகொள்கிறது. மண்பானையின் மேல் கவிழ்த்து வைத்த தண்ணீர் கேனில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது: கீழே மட்டம் சற்று இறங்கியதும் ஒரு காற்றுக்குமிழி மேலே ஏற, அதற்கு ஈடான அளவு மட்டும் கீழே வருகிறது. இதனால் பெரிய அறையில் மை எவ்வளவு இருந்தாலும் அச்சுத்தலை உணரும் மட்டம் மாறுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மே மரியோட்டின் பெயரால் இத்தத்துவம் வழங்குகிறது.

மாற்றியமைத்த பிரிண்டர்களின் கோளாறுகளில் பல இந்த ரப்பர் மூடியையும் காற்றுத்துளையையும் சுற்றியே நிகழ்கின்றன. மை ஊற்றியபின் பெரிய அறையின் மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் இரு அறைகளின் மட்டமும் சமமாகி, சிறிய அறையில் மை பொங்கி வழிகிறது. மாறாக, இடம் மாற்றும்போது அடைத்த காற்றுத்துளையைத் திறக்க மறந்தாலோ, அதன் வடிகட்டி மையில் நனைந்து உறைந்துபோனாலோ, வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று நுழைய வழியின்றி உள்ளே அழுத்தம் படிப்படியாகக் குறைந்து, தொடக்கத்தில் தெளிவாக இருந்த அச்சு பக்கத்தின் கீழ்ப்பாதிக்குள் வெளுத்துவிடுகிறது. வெயில் காலத்தில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெப்பநிலை ஏறினால் அடைபட்ட காற்று சுமார் 5 விழுக்காடு விரிவடைவதால், 100 மில்லிலிட்டர் காற்றுள்ள தொட்டியில் 5 மில்லிலிட்டர் மை சிறிய அறைக்குத் தள்ளப்படுகிறது. ஏசி நிறுத்தப்பட்ட ஸ்டூடியோவில், நிறைந்த தொட்டியைவிட ஏறக்குறையக் காலியான தொட்டியே அதிகம் வழிவதற்குக் காரணம் இதுதான்.

மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று குறிப்பிடும் காற்றுக்குமிழி அடுத்த முக்கியக் காரணி. திரவம் அழுத்தத்துக்கு எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். எனவே பீசோ அறையில் ஒரு சிறு குமிழி இருந்தாலும் தகட்டின் உந்துதலை அதுவே வாங்கிக்கொள்ளத் துளி வெளியேறுவதில்லை. வெப்பமுறைத் தலையில் நிலைமை இன்னும் மோசம்; மை இல்லாத அறையில் தொடர்ந்து சூடேறும் மின்தடை, வெப்பத்தை எடுத்துச்செல்ல எதுவுமின்றிக் கருகிப்போகிறது. டியூப் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் தளர்வதால் காற்று நுழைவது வழக்கம். இரவில் நிறுத்திவைத்த பிரிண்டரின் டியூபில் காலையில் மை தொட்டியை நோக்கிப் பின்வாங்கியிருந்தால், தொட்டிக்கு மேலுள்ள ஏதோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். காற்றை நீக்கச் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சவேண்டுமேயன்றி, அச்சுத்தலைக்குள் மையை வேகமாகத் தள்ளலாகாது. டியூப் மூடியில் சிக்கி நசுங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சீராகப் பாயும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்திருப்பதால், விட்டம் பாதியாகும் இடத்தில் தடை 16 மடங்காகிறது.

இவற்றுள் எது காரணம் என்பதைச் சொல்வது நாசில் செக் எனப்படும் சோதனை அச்சு. படிக்கட்டு வரிசையில் விழும் ஒவ்வொரு சிறு கோடும் ஒரு துளைக்கு உரியது. இடையில் கிளீனிங் எதுவும் செய்யாமல் இச்சோதனையை இருமுறை அச்சிட்டு, இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, செலவில்லாத மிகச் சிறந்த ஆய்வு. விடுபட்ட கோடுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அத்துளைகள் அடைபட்டிருக்கலாம். விடுபடும் இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது காற்று. ஒரு நிறம் முழுவதும் படிப்படியாகத் தேய்ந்தால் தொட்டி, காற்றுத்துளை, டியூப் ஆகியவற்றை நோக்கவேண்டும். இதைப் பாராமல் கிளீனிங்கை இயக்கினால், உறிஞ்சப்படும் மை அடியிலுள்ள வேஸ்ட் பேடில் சேர்ந்து, அதன் கணக்கு எல்லையைத் தொட்டதும் இயந்திரமே அச்சிட மறுத்துவிடும்.

கிளீனிங் பயன் தராதபோது, உறிஞ்சும் பம்பு இயங்குகிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். அச்சுத்தலை ஓய்வில் அமரும் ரப்பர் கிண்ணத்தில் சில துளி வடிநீரை விட்டுக் கிளீனிங்கை ஒருமுறை இயக்கினால், நீர் வற்றிப்போகவேண்டும். அப்படியே தேங்கி நின்றால் கிண்ணத்தின் விளிம்போ பம்பின் குழாயோ பழுதுபட்டிருக்கிறது. பம்பு சரியாக இருந்தும் ஒரே இடத்தில் கோடுகள் விடுபட்டால் மட்டுமே அடைப்பு என்று கொண்டு, அதே கிண்ணத்தில் அச்சுத்தலைக்கான சுத்திகரிப்புத் திரவத்தை விட்டு, தலையை அதன்மேல் ஓரிரவு அமரவைக்கலாம். உலர்ந்த டை மை இதில் கரைந்துவிடும். கரையாத நிறத்துகள்களைக் கொண்ட பிக்மென்ட் மைக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். ஊறவைத்த பிறகும் அதே கோடுகள் சிறிதும் மாறாமல் விடுபடுமாயின், மின்தடையோ பீசோ தகடோ அதை இயக்கும் மின்சுற்றோ செயலிழந்திருக்கக்கூடும். அந்நிலையில் திரவத்தை மேலும் செலவிடாமல் அச்சுத்தலையை மாற்றுவதற்கான விலையைக் கேட்டறிவதே முறை.