விண்மீன் போர்வையும் வீசக் கணக்கும்



துணியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தறியைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசுவர். நெய்த துணி பழையதாகிக் கிழிந்த பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஆயினும், நெய்யக் கற்ற மக்கள் அனைவரும் கிழிந்ததை ஒட்டவும் கற்றனர். துண்டுகளை இணைத்து ஒரு முழுமையை உண்டாக்கும் அந்தக் கலையைப் பற்றியும், அதற்குள் மறைந்து கிடக்கும் கணக்கைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. தையலுக்குத் 'துன்னம்' என்பது நம் பழைய பெயர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து வீதியில் துன்னகாரரும் இருந்தனர். பொருநராற்றுப்படையில் வரும் கலைஞனின் ஆடை, வேறு வேறு நூல்கள் ஓடிய தையல்களால் நிறைந்த கந்தையாக இருக்கிறது. கரிகாலன் அதனைக் களைந்து புத்தாடை அளிக்கிறான். திண்டிவனத்து மாணவர்கள் பெருமையுடன் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. இன்று அந்நகரின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவன் பாணர்க்கு அளித்த ஆடை, மூங்கிலின் உட்பட்டையை உரித்தாற்போன்ற மென்மை உடையது என்று சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. மெல்லிய துணி புகழப்பட்ட அதே நாட்டில், ஒட்டுத்துணி வறுமையின் அடையாளமாகவே எண்ணப்பட்டது.

ஆனால் எங்கும் அது வறுமையின் அடையாளமாகவே நின்றுவிடவில்லை. வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டத் தையலிட்டுக் காந்தா என்னும் விரிப்பைச் செய்தனர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வையைத் தைக்கின்றனர். நம் தஞ்சைப் பகுதியில் தேர்களை அழகுசெய்யும் தொம்பைகளும் சீலைகளும், ஒரு துணியின்மேல் வேறு வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்தவையே.

அமெரிக்க நாட்டில் இக்கலை வடிவகணிதத்தை நாடிச் சென்றது. சதுரங்களையும் முக்கோணங்களையும் சேர்த்து விண்மீன் வடிவங்களை அமைத்தனர். 1915-ஆம் ஆண்டில் மேரி வெப்ஸ்டர் என்னும் அம்மையார் இப்போர்வைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாம் வகுத்த மாதிரிகளையும், தைப்பதற்கு ஏற்பாடு செய்த துணித் தொகுதிகளையும் அவர் விற்பனை செய்தார். 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' என்னும் நாளிதழ் 1928 முதல் 1961 வரை போர்வை மாதிரிகளை வெளியிட்டு வந்தது. வேண்டிய துணியும் அளவுத் தாளும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும் முறை இவ்வாறு வளர்ந்தது. அதனை இன்று 'கிட்' என்கின்றனர்.

அத்தகைய பொட்டலம் ஒன்று கோடை விடுமுறையில் எங்கள் விழுப்புரத்து வீட்டிற்கு வந்தது. திண்டிவனத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த என் பேத்திக்கு வெளிநாட்டு உறவினர் ஒருவர் அனுப்பியது அது. நீலத் துணி, வெண்ணிறத் துணி, ஓரப்பட்டிக்கான துணி, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஆகியவை அதில் இருந்தன. பன்னிரண்டு விண்மீன்கள், வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகள். 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உடைய குழந்தைப் போர்வை. எங்கள் தெருவில் தையற்கடையில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி உதவிக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் பள்ளியை விட்டவள் அவள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் மட்டும் அவளுக்குத் தயக்கமே இல்லை.

ஒரு விண்மீன் எவ்வாறு அமைகிறது என்று முதலில் பார்ப்போம். பக்கம் 12 அங்குலமுள்ள ஒரு சதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் 6 அங்குலச் சதுரம். நான்கு மூலைகளிலும் 3 அங்குலச் சதுரங்கள். எஞ்சிய நான்கு இடங்களும் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உடைய செவ்வகங்கள். ஒவ்வொரு செவ்வகத்திலும் ஒரு பெரிய முக்கோணமும், அதன் இருபுறமும் இரண்டு சிறிய முக்கோணங்களும் அமையும். நடுச்சதுரமும் எட்டுச் சிறிய முக்கோணங்களும் நீலம், மற்றவை வெண்மை. இப்போது நீலம் எட்டு முனைகளுடன் விண்மீனாகத் தோன்றும். மொத்தம் 17 துண்டுகள். பன்னிரண்டு விண்மீன்களுக்கு 204 துண்டுகள்.

ஆனால் துணியை இதே அளவில் வெட்டலாகாது. இரு துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும். எனவே 6 அங்குலச் சதுரத்தை 6½ என்றும், 3 அங்குலச் சதுரத்தை 3½ என்றும் வெட்ட வேண்டும். இது எளிதில் விளங்கும். அடுத்து வந்த அளவுதான் எங்களை நிறுத்தியது. சிறிய முக்கோணத்திற்கு 3⅞ அங்குலச் சதுரத்தை மூலைவிட்டத்தில் இரண்டாக வெட்டுக என்றது தாள். மூன்றே முக்காலே அரைக்கால்! ஏன் என்பதற்கு ஒரு சொல்லும் அதில் இல்லை.

"ஐயா, மூன்றுக்கு மூன்றரை போதாதா? இந்த அரைக்கால் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நீயே பார்த்துச் சொல், அம்மா" என்றேன்.

அவள் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பினாள். சட்டைக் கைக்கு வரைவதுபோல, முதலில் தைத்து முடித்த முக்கோணம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே வரைந்தாள். செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் இரண்டும் 3 அங்குலம். பிறகு மூன்று பக்கங்களுக்கும் வெளியே கால் அங்குலம் தள்ளி இணைகோடுகள் இழுத்து, அவை சந்திக்கும் வரை நீட்டினாள். வெளி முக்கோணத்தின் பக்கத்தை அளவு நாடாவால் அளந்தாள். "மூன்றே முக்காலே அரைக்காலுக்கு நூலளவு குறைகிறது. கூர்முனைதான் ஐயா இடத்தைத் தின்கிறது" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. நேரான இரு பக்கங்களின் தையலுக்காக அரை அங்குலம் கூடுகிறது. ஆனால் சாய்ந்த பக்கத்திற்கும் கால் அங்குலம் விட வேண்டும் அன்றோ? சாய்ந்த கோட்டைக் கால் அங்குலம் வெளியே தள்ளினால், பக்கத்தின் வழியே அது கால் அங்குலத்தை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு நகர்கிறது. அதாவது 0.354 அங்குலம். மூன்றுடன் 0.5-உம் 0.354-உம் சேர 3.854 ஆகிறது. அதற்கு அடுத்துள்ள அரைக்கால் அளவு 3.875, அதுவே 3⅞. பித்தாகரசின் தேற்றத்தைக் கொண்டு என் பேத்தி கணக்கிட்டுக் கூறிய விடையும், தையற்பெண் தாளில் கண்ட விடையும் ஒன்றாக இருந்தன.

பெரிய முக்கோணத்தின் நீண்ட பக்கம் 6 அங்குலம். அதன் இரு முனைகளும் கூர்முனைகள் ஆதலால் 0.354 இருமுறை கூடும். 6, 0.5, 0.708 ஆகியவை சேர 7.208, எனவே 7¼ அங்குலச் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு முக்கோணங்களாக்குகிறோம். சிறிய சதுரத்தை இரண்டாக வெட்டியும் அதே வடிவத்தைப் பெறலாமே என்று நீங்கள் கேட்கலாம். வடிவம் அதுவே; ஆனால் துணி காகிதம் அன்று. பாவின் வழியாகவோ ஊடையின் வழியாகவோ வெட்டிய விளிம்பு உறுதியாக நிற்கும். சாய்வாக வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும். 7¼ சதுரத்தை நான்காக வெட்டும்போது நீண்ட பக்கம் நேர் விளிம்பாகிறது. சாய்வான விளிம்புகள் அனைத்தும் செவ்வகத்தின் உள்ளே ஒன்றோடொன்று தைக்கப்பட்டு அடங்கிவிடுகின்றன. வெளிப்புறம் நான்கும் உறுதியான விளிம்புகளே.

இனித் தைக்கும் முறை. வெட்டுமுன் துணியைத் துவைத்து உலர்த்தவேண்டும். பருத்தி முதல் துவையலில் சுருங்கும், சாயமும் கசியலாம். சென்னைக் கட்டம்போட்ட துணி அமெரிக்கா சென்றபோது அதன் சாயம் கசிந்தது; கசிவதையே சிறப்பாகக் கூறி விற்ற காலமும் இருந்தது. சட்டைக்கு அது சிறப்பாகலாம். வெண்மைக்கு நடுவே நீல விண்மீன் வைப்போர்க்கு அது கேடு.

முதலில் பெரிய முக்கோணத்தின் இருபுறமும் சிறியவற்றை இணைத்து நான்கு செவ்வகங்களைச் செய்க. பிறகு மூலை, செவ்வகம், மூலை என்று ஒரு வரிசை. செவ்வகம், நடுச்சதுரம், செவ்வகம் என்று ஒரு வரிசை. முதல் வரிசையைப் போலவே மூன்றாவது. ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரிப் பெட்டியை மேலிருந்து அழுத்தி எடுக்கவேண்டும். இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். மூன்று வரிசைகளையும் இணைத்தால் 12½ அங்குலச் சதுரம் கிடைக்கும்.

இங்கே ஒரு வீசத்தின் வலிமையைக் கவனியுங்கள். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. மாகாணி என்றும் கூறுவர். தைப்பவர் கால் அங்குலத்திற்கு மேல் வீசம் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறார் என்று கொள்வோம். ஒரு தையலில் இரு துண்டுகள் சேர்வதால் இழப்பு அரைக்கால் அங்குலம். ஒரு விண்மீனின் குறுக்கே இரு தையல்கள். கால் அங்குலம் போயிற்று. மூன்று விண்மீன்களில் முக்கால் அங்குலம். அவற்றை இணைக்கும் இரு தையல்களில் மேலும் கால் அங்குலம். ஆக, கண்ணுக்குப் புலப்படாத வீசம் ஒரு வரிசையில் முழு அங்குலத்தை விழுங்கிவிடுகிறது. ஒரு வரிசையை ஒருவரும் அடுத்த வரிசையை மற்றொருவரும் தைத்தால் அவை பொருந்தவே மாட்டா. விண்மீனின் முனைகளும் தையலுக்குள் சிக்கி மழுங்கிவிடும். பலர் கூடிச் செய்யும் பணியில் ஒரே அளவை எல்லாரும் காக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

மேல்துணி முடிந்ததும் நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் ஓட்டத் தையலால் பிணைத்து, சுற்றிலும் ஓரப்பட்டி தைக்க வேண்டும். இந்தப் பொட்டலத்தில் பஞ்சும் அடித்துணியும் இல்லை. நம் வெப்பத்திற்குத் தடித்த பஞ்சு வேண்டுவதும் இல்லை. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியை நடுவில் வைத்தோம். மார்கழிப் பனிக்கு அது போதும். அடியில் குறிஞ்சிப்பாடிக் கைலித் துணியை வைத்தோம்.

பொட்டலத்தை நான் குறைகூறவில்லை. எந்தத் துணி, எத்தனை துண்டு, எந்த வண்ணத்தின் அருகே எந்த வண்ணம் என்று திகைக்கும் தொடக்கநிலையாளருக்கு அது நல்ல துணை. கணக்கு நூலில் உள்ள தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டைப் போன்றது அது. ஆனால் எடுத்துக்காட்டை மட்டும் மனப்பாடம் செய்து தேர்வுக்குச் செல்லும் மாணவன், எண் ஒன்று மாறினாலும் தடுமாறுவான். 3⅞ என்பதை மட்டும் அறிந்தவர் அந்த ஒரு போர்வையைத்தான் தைப்பார். அது எவ்வாறு வந்தது என்று அறிந்தவர், 4 அங்குல முக்கோணம் வேண்டுமாயின் 4⅞ என்று தாமே கூறுவார். தையற்கடையில் எஞ்சும் வெட்டுத்துணியிலிருந்தே தம் விண்மீனை வகுத்துக்கொள்வார்.

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் மற்றொன்றும் கூறவேண்டும். தையல் வகுப்பு ஒரு கட்டடத்திலும் வடிவகணித வகுப்பு வேறொரு கட்டடத்திலும் நடந்தன. இரண்டிற்கும் இடையே கதவு வைக்க யாரும் எண்ணவில்லை. கணக்கு வராது என்று முத்திரை குத்தப்பட்டு வெளியேறியவர்களுள் எத்தனை பேர் நாள்தோறும் துணியிலும் மரத்திலும் செங்கல்லிலும் கணக்குச் செய்துகொண்டிருக்கின்றனர்! இணைகோட்டையும் கூர்ங்கோணத்தையும் அந்தப் பெண் தன் கைகளால் அறிந்திருந்தாள். அவற்றின் பெயர்களைத்தான் அவள் மறந்திருந்தாள். அவள் இப்போது தனித்தேர்வராகக் கணக்குத் தேர்வு எழுத விண்ணப்பித்திருக்கிறாள். மாலை வேளைகளில் என் பேத்தியின் பழைய பாடநூலைப் புரட்டுகிறாள். தேர்வின் முடிவு எவ்வாறாயினும், தனக்குக் கணக்கு வராது என்ற சொல்லை அவள் இனி நம்பமாட்டாள்.

மாணவ நண்பர்களே, போர்வை தைக்க உங்களுக்குப் பொழுது இல்லாமற் போகலாம். ஒரு செய்தித்தாளும் அளவுகோலும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். 3 அங்குல முக்கோணத்தை வரைந்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஆண்பிள்ளைகளும் செய்து பாருங்கள். ஊசிக்கும் எண்ணுக்கும் ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை. பின்னர் உங்கள் தெருவிலுள்ள தையற்காரரிடம் சென்று, கழுத்து வளைவை அவர் எவ்வாறு கணக்கிடுகிறார் என்று கேளுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு பாடத்தை அவர் உங்களுக்கு மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்.