பூனையும் கருவில் வளரும் குழந்தையும்

இராஜபாளையம் என்றதும் பால் வெள்ளை நிற வேட்டை நாய் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா. கருவுற்ற பெண்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நோயை விளங்கிக்கொள்ள இவ்விரண்டும் நமக்கு உதவும். அந்நோயின் பெயர் டாக்சோபிளாஸ்மோசிஸ்.

இதனை உண்டாக்குவது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒரு செல் ஒட்டுண்ணி. 1908-ஆம் ஆண்டு துனிஸ் நகரில் நிக்கோல், மான்சோ என்ற இருவர் இதனை ஒரு கொறிவிலங்கின் உடலில் கண்டனர். ஆயினும் இது எவ்வாறு பரவுகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பூனையின் மலத்தில் முட்டை போன்ற நுண்ணிய உறைகளாக இது வெளிவருகிறது என்பது 1970-இல்தான் தெளிவாயிற்று. அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டவர்களுள் இந்தியாவில் பிறந்த ஜே. பி. துபேயும் ஒருவர்.

இவ்வுறைகளை வெளியிடுவது பூனைக் குடும்பம் மட்டுமே. இராஜபாளையம் நாயையும் இந்த ஒட்டுண்ணி தொற்றலாம். ஆனால் நாயின் உடலில் உறைகள் உருவாவதில்லை. பூனையும் எப்போதும் இவற்றை வெளியிடுவதில்லை. முதன்முறை தொற்றியபின் சில வாரங்களே வெளியிடும். வெளிவந்த உறை முதிர்ந்து தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். பின்னர் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அது அழியாமல் இருக்கக்கூடும்.

எனவே, பூனையைத் தடவுவதைவிட, மண் பட்ட கையைக் கழுவாமல் உண்பதே பேராபத்து. கழுவாத காய்கறி, சரியாக வேகாத இறைச்சி, தூய்மையற்ற நீர் ஆகியவையும் நோயைப் பரப்பும். 2004-05-இல் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இவ்வொட்டுண்ணியால் கண்நோய் கண்டபோது, ஐயம் குடிநீர் மீதே எழுந்தது.

நோய் தொற்றிய தாய்க்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றாது. சிலருக்கு இலேசான காய்ச்சலும் நெறிக்கட்டும் வரலாம். ஆனால் கருவுற்ற காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், ஒட்டுண்ணி நச்சுக்கொடி வழியே குழந்தையை அடையக்கூடும். தொடக்க மாதங்களில் இவ்வாறு நேர்வது குறைவு. நேர்ந்தால் கருச்சிதைவு, மூளையில் நீர்கோத்தல் போன்ற பெருங்கேடுகள் விளையலாம். கடைசி மாதங்களில் குழந்தைக்குத் தொற்றுவது மிகுதி. பிறக்கும்போது நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பல ஆண்டுகள் கழித்துக் கண் பாதிக்கப்படலாம். முன்பே இந்நோய் தொற்றியிருந்த பெண்களின் குழந்தைக்குப் பொதுவாக இந்த அச்சம் இல்லை.

தடுப்பது எப்படி? பால்கோவாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சுகிறார்கள் அல்லவா? அந்த வெப்பத்தில் இவ்வொட்டுண்ணி பிழைக்காது. காய்ச்சாத ஆட்டுப்பாலோ அப்படியன்று. ஆகவே பாலையும் குடிநீரையும் கொதிக்க வைத்துப் பருகுங்கள். நீரில் கலக்கும் குளோரின் இவ்வுறைகளை அழிப்பதில்லை என்பதை மறவாதீர்கள். இறைச்சியை உட்புறம் சிவப்பு மாறும்வரை நன்கு வேகவையுங்கள். பச்சை இறைச்சியை நறுக்கிய கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனையின் கழிவை வீட்டிலுள்ள வேறொருவர் நாள்தோறும் அகற்றட்டும். உறை முதிர்வதற்குள் அது வெளியேறிவிடும்.

ஐயம் இருப்பின் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பழைய தொற்றின் அடையாளமும் இரத்தத்தில் நீடிக்குமாதலால், ஒரே பரிசோதனையைக் கண்டு கலங்க வேண்டாம். புதிய தொற்று என உறுதியானால், குழந்தைக்குப் பரவும் வாய்ப்பைக் குறைக்க மருந்து உண்டு.

பூனையை வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை. அடுப்பும் சோப்பும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. கருவிலுள்ள குழந்தைக்கு அவையே முதற்காவல்.